அரை வண்டு

எமில்தாஸின் மீன் தராசில்
கொழுக்கியில் தொங்கியது எஞ்சின்.
முப்பத்தொன்பதரை.
"ஒரு சின்ன மயில்மீன்" என்றான் எமில்தாஸ்.
"கிலோ என்ன விலை?"
சிரித்தவர்களில் நான் இல்லை,
கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தேன்.

முதல் பக்கத்திலிருந்தே என் கையெழுத்துத்தான்.
கிண்ணியாவிலிருந்து முஸம்மில் கொண்டுவந்த படகு எஞ்சின்:
இருபத்தைந்து குதிரை, நல்ல மூச்சு.
ஆனால் அது கடலைக் குடித்துக் குளிர்வது.
கடலைக் காவிக்கொண்டு மேலே போக ஏலாது.
வெட்டினேன்.
தண்ணீர்ப் பம்பு:
வார்ப்பிரும்பு. அம்மிக்கு இறக்கை கட்டலாம் என்றால் அதற்கும் கட்டலாம்.
மரம் அறுக்கிற மெஷினில் கழற்றியது
தூக்கினால் பூனைக்குட்டி,
முடுக்கினால் நிமிடத்துக்கு எட்டாயிரம் சுற்று அலறல்.
அந்த வேகத்தில் காற்றாடி காற்றைப் பிடிப்பதில்லை,
அறைகிறது.
வேகம் குறைக்கப் பல்லுச்சக்கரம்,
பல்லுச்சக்கரத்துக்குப் பெட்டி,
பெட்டிக்கு எண்ணெய்,
பூனைக்குட்டி கிடாயாகிவிடும்.
ஆட்டோ எஞ்சினை எழுத முதலே
சுகிர்தன் தலையாட்டிவிட்டான்.
உவர்மலை ஏற்றத்தில் மூன்று பேரோடு அது படும் பாட்டைத்
தினமும் கேட்டுக்கொண்டே ஓட்டுகிறவன்.

பிறகுதான் பாலையூற்றில்
கோழி அடைகிடந்த ஒரு வொக்ஸ்வாகன் வண்டு.
நான்கு சிலிண்டர். காற்றிலேயே குளிர்வது.
முழுசாக எடுத்தால் பாரம்.
சுமிந்தவின் லேத்துக்குப் பக்கத்தில்
இரண்டு நாள் அதைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தோம்.
மூன்றாம் நாள் அறுத்தோம்.
அறுத்த வாயை மூடி ஒட்டிய பாதியில்
இரண்டு சிலிண்டர்,
எதிரெதிர்த் திசையில் நீட்டிய இரண்டு முஷ்டி.
மற்றப் பாதி இன்னும் அங்கேதான்,
கதவு அடிபடாமல் முட்டுக் கொடுத்திருக்கிறது.

தென்னையில் வாலைக் கட்டி முடுக்கினோம்.
அதே தராசு, இப்போது கயிற்றுக்கு நடுவில்.
முற்றத்து மண் முழுக்கக் கிளம்பி
அடுத்த வீட்டுக் கொடியில்
பள்ளிக்கூட வெள்ளைச் சட்டைகளில் போய் இருந்தது.
எண்பத்திரண்டு கிலோ இழுவை.
கணக்குப் போட்டேன்.
இறக்கை, உடல், பெற்றோல், எஞ்சின் போக
ஆளுக்கு மிச்சம் ஐம்பத்தைந்து.
சுகிர்தன் எண்பத்தொன்று.
முஸம்மில் எழுபத்தாறு, அதுவும் நோன்பு முடிந்த கிழமை.
ஆறு மாதமாய் எஞ்சினைக் கிராம் கிராமாய்ச் சுரண்டியவர்கள்
ஒருவர் வயிற்றை ஒருவர் பார்த்தார்கள்.
நான் கொப்பியை மூடி வைத்துவிட்டு
கொழுக்கியைப் பிடித்துத் தொங்கினேன்.
நாற்பத்தெட்டு.
செருப்போடு.

கொழும்பிலிருந்து வந்த படிவம்
எஞ்சினின் தொடரிலக்கம் கேட்டது.
இலக்கம் பொறித்திருந்தது கதவை முட்டுக் கொடுக்கும் பாதியில்.
'அரை' என்று எழுதி அனுப்பினேன்.
இரண்டு தரம் விசாரிக்க வந்தார்கள்.
தேநீர் குடித்தார்கள். இறக்கைத் துணியைத் தட்டிப் பார்த்தார்கள்.
"பறந்து எங்கே போவீர்கள்?"
இந்த ஊரில் அந்தக் கேள்விக்கு
விளையாட்டாய்ப் பதில் சொல்ல முடியாது.
"திரும்பி வருவோம்" என்றேன்.
நில ஓட்டத்துக்கு மட்டும் அனுமதி.

குச்சவெளிக்கு அப்பால் களப்பு வற்றிய தரை.
காலை ஆறேகால், கச்சான் எழும்ப முதல்.
முஸம்மில் காற்றாடியைக் கையால் சுற்றி விலகினான்.
சுகிர்தன் இறக்கை நுனியைப் பிடித்தபடி
கொஞ்சத் தூரம் கூடவே ஓடி
ஏதோ சத்தமாய்ச் சொன்னான்,
வாய் மட்டும் தெரிந்தது.
உப்புப் பொருக்குச் சக்கரத்துக்குக் கீழே
அப்பளமாய் நொறுங்கியது.
எண்ணெய் ஒரு துளி கண்ணாடியில்,
அடுத்தது உதட்டில்.

அன்று மாலை கொப்பியில்:
நில ஓட்டம், நான்காவது.
தூரம் அறுநூறு மீற்றர்.
வெப்பம் சரி. இடப்பக்கம் கசிவு, வொஷர் மாற்றவேண்டும்.
எமில்தாஸுக்குத் தராசு திருப்பிக் கொடுக்கவேண்டும்.
நடுவில் ஏழு செக்கன்
சக்கரச் சத்தம் கேட்கவில்லை.